நோரியின் பெயரில் ஒரு குரல்

நோரி கால்ட் எழுபத்தொரு வயதுவரை வாழ்ந்து, பெல்ஃபாஸ்ட் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி பேசியது மொத்தம் ஏழு வார்த்தை. மற்றதெல்லாம் ரொட்டி, மழை, முழங்கால் வலி. அந்த ஏழு வார்த்தைக்காக ஐம்பது வருடமாக ஓசியில் பியர் குடித்தார். எந்தக் கவிஞருக்கும் வார்த்தைக்கு அவ்வளவு பியர் கிடைத்திருக்காது.

விஷயம் இதுதான். 1975 ஜனவரியில் ஸ்டோன் ஃபெர்ரி என்ற ப்ளூஸ் ராக் குழு அங்கே வந்து வாசித்தது. அந்த வருடங்களில் பெல்ஃபாஸ்டுக்கு யாரும் வர மாட்டார்கள். பாட்டுக்காரர்கள் வர மாட்டார்கள், சர்க்கஸ் வராது, மழை மட்டும் தவறாமல் வரும். காலையில் ஒரு குண்டு, சாயங்காலம் ஒரு குண்டு என்று இருந்த ஊருக்கு நாலு பேர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து ரெண்டரை மணி நேரம் வாசித்தார்கள். அதற்காகவே சனம் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தக் கச்சேரியை அப்படியே பதிவு செய்து, கோடையில் இரட்டை ரெக்கார்டாக வெளியிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தில், மெதுவான அந்த நீளப் பாட்டுக்கு முன்னால், கிட்டார்க்காரனுக்குக் கம்பி அறுந்துவிடும். புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருப்பான். ரெண்டாயிரம் பேர் இருந்த மண்டபம் கப்சிப். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்:

"மெதுவா மாட்டு ராசா, கடைசி பஸ்ஸை எப்பவோ எரிச்சுட்டானுங்க!"

மண்டபம் வெடித்துச் சிரிக்கும். கிட்டார்க்காரனும் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசிக்க ஆரம்பித்து, பதினோரு நிமிடம் நிறுத்த மாட்டான். சிரித்துக்கொண்டே தொடங்கியவன் எந்த இடத்தில் அழ ஆரம்பிக்கிறான் என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஏழாவது நிமிடம் என்பது ஒரு கட்சி. தொடங்கியதே அழுகைதான் என்பது இன்னொரு கட்சி. மூன்றாம் பக்கத்தில் ஒருவன் இருமுவான். அந்த இருமலுக்குக்கூட ரசிகர்கள் உண்டு.

அந்த ஏழு வார்த்தையைக் கத்தியவர்தான் நோரி. பேர் 'பஸ் நோரி' என்றே நிலைத்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் வந்து அவர் தொண்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஜப்பானிலிருந்து வந்த தம்பதி ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் முன்னால் குனிந்து நின்றார்கள். நோரியும் குனிந்தார், நிமிர மட்டும் பக்கத்து ஆளின் கை தேவைப்பட்டது.

ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, ஐவன் ஸ்டாரட் நடத்தும் பப்பின் பின்னறையில் அறுபது எழுபது பேர் கூடுவார்கள். ரெக்கார்டை முதலிலிருந்து கடைசிவரை போடுவார்கள். நடுவில் யாரும் பேசக் கூடாது. ரெக்கார்டில் கை தட்டும் இடத்தில் கை தட்ட வேண்டும். பக்கம் திருப்பும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். யார் இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறிப் பாருங்கள், அப்போது எல்லோருக்கும் தெரியும். கம்பி அறுந்ததும் ஐவன் கையைத் தூக்குவான். நோரி எழுந்து நின்று, ரெக்கார்டில் அந்தக் குரல் வரும் அதே நொடியில், அதன் மேலேயே கத்துவார். ஒரு வருடமும் பிசகியதில்லை. ஆக, அந்த அறையில் அத்தனை வருடமும் மேலே கேட்டது நோரியின் குரல். அடியில் இருந்த குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. வீட்டில் தனியாகக் கேட்டவர்கள், வயசானால் குரல் மாறத்தானே செய்யும் என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

வயசு மாற்றிய குரல் இல்லை அது. அது நோரியின் குரலே இல்லை.

அதைக் கத்தியவன் ஃபெர்கல் க்விக். நோரியும் அவனும் ஒரே பேக்கரியில் வண்டிக்கு ரொட்டி ஏற்றுகிறவர்கள். இரண்டு பேருக்கும் இருபத்தொரு வயது. நோரி புராட்டஸ்டன்ட், ராணி ஆட்சிதான் வேண்டும் என்கிற பக்கம்; ஃபெர்கல் கத்தோலிக்கன், அது வேண்டாம் என்கிற பக்கம். ஊரில் வெடித்த குண்டெல்லாம் இந்தச் சண்டையில்தான். பேக்கரி வாசலுக்கு உள்ளே இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாசலைத் தாண்டினால் ஆளுக்கொரு திசை. இரண்டு பேரையும் சேர்த்தது ஸ்டோன் ஃபெர்ரிதான்.

"உங்க தெருவுல இதெல்லாம் கேட்க விடுவாங்களாடா? ராணிக்குப் பிடிக்குமா?" என்பான் ஃபெர்கல்.

"நீ உங்க பாதிரியார்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு, நான் ராணிக்கு லெட்டர் போடறேன்."

கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கியது ஃபெர்கல். பின்வரிசையில் தோளோடு தோள் நின்றார்கள். அவன் கத்தியபோது நோரிக்குக் காது அடைத்துவிட்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வாயை மூடுடா, அடி வாங்கி வைக்காத" என்று நோரி அவன் முதுகில் குத்தினான். ஃபெர்கல் அடுத்த பாட்டு முழுக்கத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் மாதம், வேலை முடிந்து நடந்து போகும்போது ஃபெர்கலைச் சுட்டுவிட்டார்கள். பட்டப்பகல். சுட்டவர்கள் நோரியின் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. இறுதிச் சடங்குக்கு நோரி கறுப்பு டை கட்டிக்கொண்டு கிளம்பினான். தேவாலயம் இருக்கும் முனைவரை போனான். அங்கே ஒரு கடையில் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

ஆகஸ்டில் ரெக்கார்டு வந்தது. கடையில் போட்டுக் காட்டினார்கள். நோரி நின்றிருந்தான். அவன் தெருப் பையன்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன், யாரும் எதிர்த்துப் பேசாத ஆள். அந்தக் குரல் வந்தது. கடை முழுக்கச் சிரிப்பு. செத்து நாலு மாதமான ஆள், காதுக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது நோரிக்கு. முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, அந்த ஆள் பார்த்துவிட்டான்.

"ஏண்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கத்தினவனை உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் யார் என்று கேட்பான். பேரைச் சொன்னால், அவனோடு நீ அங்கே என்ன பண்ணினாய் என்று கேட்பான்.

"நான்தான் அது," என்றான் நோரி.

அந்த ஆள் சிரித்து, முதுகில் தட்டி, பப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பியர் வாங்கிக் கொடுத்தான். முதல் பியர் அது. ஃபெர்கலைச் சுட்டவர்களுக்குச் சிநேகிதன் என்று ஊர் சொன்ன ஆளின் கையிலிருந்து.

பிறகு வருடங்கள் போயின. நோரி ரொட்டி வண்டி ஓட்டினார், கல்யாணம் செய்தார், மனைவியைப் புதைத்தார், ஓய்வு பெற்றார். சண்டை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆளும் செத்துப்போனான். பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. நோரி மட்டும் பஸ் நோரியாகவே இருந்தார்.

போன வருடம் டிசம்பர் கடைசியில், ஒரு மதியம், அவர் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினார். அறுபது வயதை ஒட்டி இருக்கும். நனைந்த கோட்டு.

"நீங்கதானே அந்த பஸ் ஆளு? மிஸ்டர் கால்ட்?"

"அப்படித்தான் சொல்றாங்க. கையெழுத்து வேணுமா, கத்திக் காட்டணுமா?"

"நான் டிம்ப்னா. ஃபெர்கல் க்விக் தங்கச்சி."

சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார் நோரி. கோப்பை நிறைந்து, தட்டும் நிறைந்து, மேஜையில் ஓடிய பிறகுதான் ஊற்றுகிறோம் என்பதே அவருக்கு உறைத்தது.

டிம்ப்னா பையிலிருந்து இரண்டு டிக்கெட் துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றின் பின்னால் பென்சிலில், 'நோரி, ஆறு மணி, பேக்கரி கேட்' என்று எழுதியிருந்தது.

"அம்மா நவம்பர்ல போயிட்டாங்க. தொண்ணூத்தாறு வயசு. பீரோவைக் காலி பண்றப்ப அண்ணனோட வேலைக்கோட்டு இருந்துச்சு, அதுக்குள்ள இது. அன்னைக்கு அவன் யாரோட போனான்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. விசாரிச்சேன். ஸ்டோன் ஃபெர்ரி, நோரின்னு சொன்னதும் எல்லாரும் உங்களைத்தான் காட்டினாங்க. நீங்க ரொம்பப் பெரிய ஆளாமே."

"சேச்சே."

"நான் ஒன்னும் கேட்டு வரல, மிஸ்டர் கால்ட். அன்னைக்கு அவன் சந்தோஷமா இருந்தானா, அது மட்டும் சொல்லுங்க. அவன் போனப்ப எனக்கு ஒன்பது வயசு. அம்மா கடைசி வாரத்துல ஒன்னு சொன்னாங்க. 'மூஞ்சி ஞாபகம் இருக்குடி, போட்டோ இருக்கு. குரல்தான் போயிடுச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது.' அப்பல்லாம் எங்ககிட்ட டேப் எல்லாம் ஏது?"

நவம்பர். போய் ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. க்விக் வீடு நோரி வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. நடுவில் இரண்டு பக்கத்தையும் பிரிக்கக் கட்டிய ஒரு மதில், அதில் ஒரு கேட்; அந்தக் கேட்டும் பகலில் திறந்துதான் கிடக்கும். ஐம்பது வருடத்தில் ஏதாவது ஒரு மதியம் அந்த ரெக்கார்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்திருந்தால், அந்தக் கிழவி மகன் குரலைக் கேட்டிருப்பாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நோரி வாயைத் திறந்தார்.

"சந்தோஷமாத்தான் இருந்தான்," என்றார். "சனிக்கிழமை வாங்க. ஐவன் கடை. ரெண்டு மணிக்கு அந்தக் கச்சேரியைப் போடுவோம். நீங்களே கேளுங்க."

அவர் போட்ட திட்டம் எளிது. இந்த முறை அவர் கத்தப் போவதில்லை. அவர் சும்மா இருந்தால் ரெக்கார்டின் குரல் தனியாகக் கேட்கும். தங்கைக்கு அண்ணன் குரல் தெரியாமலா போகும்? அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. கோழைத்தனத்திலும் ஒரு கெட்டிக்காரத்தனம்.

சனிக்கிழமை டிம்ப்னா வந்தார். கோட்டைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்தார். ஐம்பதாவது வருடம் என்பதால் நூறு பேருக்கு மேல் கூட்டம். முதல் பக்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நிற்க, அவரும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றார். இரண்டாம் பக்கம். கம்பி அறுந்தது. ஐவன் கையைத் தூக்கினான்.

நோரி உட்கார்ந்தே இருந்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

அங்கே ராபி மக்கோஸ் என்று ஓர் எலக்ட்ரீஷியன். முப்பது வயது. ஊரெல்லாம் சுவிட்சு மாட்டுகிறவனுக்கு, நோரி என்றால் உயிர். கிழவர் எழவில்லை, வாய் கோணியிருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது. பாவம், மூச்சு முட்டுகிறது, இத்தனை வருடச் சாதனை இந்த ஒரு நொடியில் போய்விடப் போகிறது என்று அவனுக்குப் பதறிவிட்டது. நோரியின் மானத்தைக் காப்பாற்ற அவனே எழுந்து கத்தினான். அவன் "மெதுவா" என்றதுமே விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நூறு பேரும் சேர்ந்து, நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீரோடு அந்த ஏழு வார்த்தையையும் நோரிக்காகக் கத்தினார்கள். கூரை அதிர்ந்தது. அடியில் இருந்த குரல் ஒரு முணுமுணுப்பாகக்கூடக் கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் நோரியைப் பார்த்துத் திரும்பிக் கை தட்டினார்கள். டிம்ப்னாவும் மரியாதைக்குத் தட்டினார்.

அதைத்தான் நோரியால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கினார். 'கர்ர்ர்' என்று ஒரு கீறல் விழுந்தது. அந்த அறையில் அது, பாதிரியார் கையிலிருந்து அப்பத்தைத் தட்டிவிடுவது மாதிரி.

"அண்ணே! என்ன காரியம் பண்றீங்க?" என்று ஐவன் ஓடி வந்தான்.

"அது நான் இல்ல."

"எது?"

"கத்தினது நான் இல்லைய்யா. என் பக்கத்துல நின்னவன். ஃபெர்கல் க்விக். அந்தம்மாவோட அண்ணன். ஏப்ரல்ல சுட்டுட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். "ஐம்பதாவது வருஷத்துக்குப் புது அயிட்டம் போல," என்றான் ஒருவன். "அண்ணனுக்குத் தண்ணி குடுங்கப்பா, சுகர் இறங்கியிருக்கும்," என்று ராபி நாற்காலியை இழுத்தான்.

"அண்ணே, உக்காருங்க," என்றான் ஐவன். "நான் பொறந்ததுலேர்ந்து கேட்கிறேன், உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"என் குரலைத்தான்டா கேட்ட. அவன் குரலை நீ இங்க கேட்டதே இல்ல. நான் கேட்க விட்டதே இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டிம்ப்னா நின்றுகொண்டிருந்தார்.

"போடுங்க," என்றார்.

ஐவன் ஊசியைப் பின்னால் வைத்தான். கம்பி அறுந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. குரல் வந்தது. எல்லோரும் நினைத்திருந்ததைவிட மெலிசான குரல். கொஞ்சம் கரகரப்பு. கடைசி வார்த்தையில் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அடக்க முடியாதவன் மாதிரி. இருபத்தொரு வயது.

"இன்னொரு தடவை."

போட்டான். நாலு தடவை போட்டான். ஒவ்வொரு தடவையும் டிம்ப்னா ஓரடி முன்னால் வந்து, கடைசியில் ஒலிபெருக்கிக்கு முகத்தைக் கொடுத்து நின்றார். நோரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதாவது ஒன்று வர வேண்டும் என்று காத்திருந்தார்.

"எனக்குத் தெரியல," என்றார் டிம்ப்னா.

ஐவன் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"எனக்கு ஒன்பது வயசு. எங்கிட்ட அவன் கத்தினதே இல்ல. இது அவனா இருக்கலாம். யாரா வேணா இருக்கலாம். அம்மாவா இருந்தா ஒரு நொடில சொல்லியிருப்பாங்க." நோரி பக்கம் திரும்பினார். "இப்ப இது அவன்தான்னு சொல்ல உலகத்துல நீ ஒருத்தன்தான் மிச்சம். ஐம்பது வருஷம் பொய் சொன்ன நீ."

'நீங்க', 'மிஸ்டர் கால்ட்' எல்லாம் போய்விட்டது.

"ஏன்?"

"பயம்," என்றார் நோரி.

"சரி. உன் தெருவுல இருந்திருந்தா நானும் பயந்திருப்பேன். அதுக்கப்புறம்? பயமெல்லாம் போனதுக்கப்புறம்?"

நோரி தரையைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். நூறு பேரும் தப்பிக்கவிடத் தயாராகத்தான் இருந்தார்கள்.

"அதுக்கப்புறம் நல்லா இருந்துச்சு," என்றார்.

டிம்ப்னா பையைத் தோளில் மாட்டினார். ஐவன் ரெக்கார்டை உறையில் போட்டு அவரிடம் நீட்டினான். அவன் அப்பா வாங்கிய முதல் பிரதி அது. அதை அவன் பெண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்லை.

"எங்க வீட்ல இதைப் போடற மெஷின் இல்ல," என்றார் அவர்.

ஐவன் பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சுற்றி, மெஷினைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. கடல் தாண்டி வந்தவர்கள்கூட விலகி வழிவிட்டார்கள். நோரி ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கப் போனார்.

"அவரு வேண்டாம்," என்றார் டிம்ப்னா. ராபி வந்து தூக்கிக்கொண்டான்.

அந்த அறை அதற்குப் பிறகு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிழவர் மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னார் என்பது ஒரு கட்சி. கிழவருக்கு மூளை குழம்பி, செத்த சிநேகிதனுக்குத் தன் குரலைத் தானம் செய்துவிட்டார் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகம். ராபி அதற்குத் தலைவன். பஸ் நோரி என்ற பேரை அவர்கள் விடவில்லை. நோரி அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

மார்ச்சில் ஒரு தபால் அட்டை வந்தது. கையெழுத்துப் பேர்கூட இல்லை, முகவரி மட்டும் இருந்தது.

'அன்னைக்கு அவன் என்ன சட்டை போட்டிருந்தான்? தெரிஞ்சா எழுது. தெரியாட்டித் தெரியலன்னு எழுது.'

நோரி இரண்டு நாள் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தார். பழுப்புச் சட்டை என்று தோன்றியது. காலர் பெரிசு. பிறகு, அது ரெக்கார்டு உறையில் கிட்டார்க்காரன் போட்டிருந்த சட்டை என்று தோன்றியது. பேக்கரியின் வெள்ளைக் கோட்டு மட்டும்தான் தெளிவாக வந்தது; அதைக் கச்சேரிக்கு எவன் போட்டுக்கொண்டு போவான்? பழுப்பு என்று எழுதினால் எந்தத் தப்பும் இல்லை. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அவளுக்கும் ஒரு சட்டை கிடைக்கும், கண்ணை மூடினால் அண்ணனுக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ஓர் அட்டையை எடுத்து, 'தெரியல' என்று எழுதினார். அதன் கீழே தன் முழுப் பெயரை எழுதினார். தபால் தலை ஒட்டி, மழையில் நடந்துபோய்ப் பெட்டியில் போட்டார்.